ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒரு வள்ளம்

1

இந்த ஊரில் எல்லோரும் எனக்கு வள்ளத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புகிறார்கள். தீவில் பிறந்தவன், கடலைத் தாண்டி வந்தவன், பிறகென்ன என்பது அவர்களுடைய எண்ணம். நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். சங்கக்கடையில் சீனி நிறுத்து, மண்ணெண்ணெய் அளந்து, பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன். லாஞ்சியில் ஏறினால் மறுகரை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இருப்பேன். வீட்டில் ஒரு கதவுப் பிணைச்சல் கழன்றால்கூடத் தச்சரைத்தான் கூப்பிடுவேன்.

நம்மூர் வாசிகசாலையின் சிறப்பு மலருக்கு இந்தியாவிலிருந்து ஏதாவது எழுதும்படி கேட்டிருந்தீர்கள். கோயில்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பக்கத்து மணிமங்கலத்தில் மிகப் பழைய கோயில்கள் இருக்கின்றன. ஆனால் பங்குனி பிறந்துவிட்டது. நாங்கள் இந்தக் கரையில் வந்து இறங்கிய மாதம் இது. இந்த மாதத்தில் பேனாவை எடுத்தால் வேறொன்றும் எழுத வருவதில்லை. ஆகவே போன வருடம் ஒரு பழைய அலுமினிய வள்ளத்தை நான் பழுது பார்த்துத் திருத்திய கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் படப்பையில் இருக்கிறோம். தாம்பரத்திலிருந்து மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் இருபுறமும் வயல்தான். அங்கங்கே செங்கல் சூளை, ஒரு சினிமாக் கொட்டகை, பிறகு எங்கள் கடைத்தெரு. தாம்பரத்தில் முன்பே வந்திருந்த ஒரு தூரத்து உறவினர் இங்கே ஒரு ரைஸ் மில்லில் எனக்குக் கணக்கெழுதும் வேலை பிடித்துக் கொடுத்தார். முதலாளியின் பெயர் ஏழுமலை. என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். பிறரிடம் சொல்லும்போது 'சிலோன் சார்' என்பார்.

அவருக்கு எதையும் ஏலத்தில் எடுக்கும் பழக்கம் உண்டு. ஏதோ ஓர் அரசாங்க இலாகா, வெள்ளத்தில் ஆட்களை மீட்க வைத்திருந்த அலுமினிய வள்ளம் ஒன்றைக் கழித்துக் கட்டியபோது, பழைய இரும்போடு இரும்பாக அதையும் எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அது மில்லுக்குப் பின்னால், புளிய மரத்தடியில், உமிச்சாம்பல் நிரம்பிக் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போகாமலே நாட்களைக் கடத்தி வந்தேன்.

போன வருடம் தை மாதம் மணிமங்கலம் ஏரியின் மீன் குத்தகை அவருக்குக் கிடைத்தது. அன்று மாலையே என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"சார், இந்தத் தபா லாரி டியூப்ல குந்திக்கினு வல போட்ற வேலையே வாணாம். போட்லதான் போடணும். நீங்க இத்த ரெடி பண்ணிக் குடுத்துடுங்க."

"எனக்கு இது ஒன்றும் தெரியாது, ஏழுமலை."

"இன்னா சார், சொம்மா சொல்றீங்க! கடலயே தாண்டி வந்தவரு நீங்க. இது ஏரி சார்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை. வந்த புதிதில் எல்லோரும் எங்களுக்கு வீடு கொடுக்கத் தயங்கியபோது தம்முடைய மைத்துனர் வீட்டில் இரண்டு அறைகளைப் பேசித் தந்தவர் அவர். "ஓம்" என்றேன். சம்மதம் சொல்லும் நம்முடைய 'ஓம்' இவர்களுக்கு மந்திரம். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்டி சாமி பேரச் சொல்லி ஆரம்பிங்க" என்றார்.

2

நாங்கள் கடலைத் தாண்டி வந்த விதத்தை உங்களில் சிலர் அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மாலை மங்கிய நேரத்தில் துறையில் வள்ளம் நின்றது. நான், மனைவி மலர், மகள் வதனி, மலரின் தம்பி குலம். நான்கு பேருக்கும் இடம் பேசியிருந்தோம். ஆட்கள் ஏறி முடிந்தபோது வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. வள்ளக்காரர் நிமிர்ந்து பார்த்து, "ஒராள் இறங்க வேணும். இல்லாட்டி நான் எடுக்கமாட்டன்" என்றார். எல்லோரும் கைக்குழந்தைகளோடும் வயதானவர்களோடும் இருந்தார்கள். குலம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் குதித்தான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

"அக்கா, நீங்கள் போங்கோ. நான் அடுத்த வள்ளத்தில வாறன்."

மலர் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, வள்ளத்தின் பின்பக்கத்தைத் தோளால் தள்ளிவிட்டான்.

நடுக்கடலில் வள்ளத்தின் அடிப்பலகை ஒன்று பிளந்துவிட்டது. கையில் கிடைத்ததால் எல்லாம் தண்ணீரை அள்ளினோம். மலர் பால்மா டின்னால் அள்ளினாள். எப்படிக் கரை சேர்ந்தோம் என்று எனக்கு இன்றைக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வள்ளம் வரவில்லை. மண்டபம் அகதி முகாமில் ஒருவர், அது புறப்பட்டதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர், ரோந்துப் படகின் வெளிச்சத்தைக் கண்டு திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார். மலர் இரண்டாவது ஆளின் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். 'குலம் அங்கே திரும்பி வந்தானா?' என்று கேட்டுத் தன் தாய்க்கு எழுதினாள். அது போய்ச் சேரும் முன்பே அங்கிருந்து அவளுடைய தாயின், என் மாமியின், கடிதம் வந்தது: 'குலம் உங்களோடு சுகமாக இருக்கிறானா?' இரண்டு கடிதங்களும் ஒன்றையொன்று கடலில் எங்கேயோ கடந்திருக்க வேண்டும்.

நீங்கள் துறை துறையாகப் போய் விசாரித்துப் பார்த்ததை நாங்கள் மறக்கவில்லை.

3

இங்கே மாதத்துக்கு ஒரு முறை ஒரு அலுவலகத்துக்குப் போய் அகதிகளாகப் பதிய வேண்டும். நீண்ட வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்து, முறை வந்ததும் மேசை முன்னால் நிற்போம். அங்குள்ள குமாஸ்தா நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் ஒரு படிவம் இருக்கிறது, அதில் கட்டங்கள் இருக்கின்றன.

"குடும்பத்துல எத்தினி பேரு?"

நான் வாய் திறக்கும் முன்பே மலர் "நாலு பேர்" என்பாள்.

"மூணு பேர் தானம்மா வந்திருக்கீங்க?"

"ஒராள் பிந்தி வருவார்."

முதல் வருடம் அவர் விளக்கிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் வருடம் சற்றுக் கோபித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே மூன்று என்று எழுதிக்கொண்டு, "சரிம்மா" என்று சொல்லி அனுப்பப் பழகிக்கொண்டார்.

பேச்சும் எங்களைப் படுத்தியது. இதுவும் தமிழ் நாடுதானே, அங்கே பாஷைக் கஷ்டம் ஏது என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு நாள் மில்லில் எல்லோர் முன்னிலையிலும், "நேரமாகிவிட்டது, நான் வெளிக்கிடப் போகிறேன்" என்றேன். நெல் காயவைக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் கன்னியம்மா என்பவள் மட்டும் அக்கறையாக, "மோட்டாருக்கு அந்தாண்ட போ சார், அங்க யாரும் வரமாட்டாங்க" என்று வழி காட்டினாள். நமக்குப் புறப்படுவது என்று பொருள்படும் அந்தச் சொல்லுக்கு இங்கே காலைக்கடன் கழிக்கப் போவது என்று அர்த்தமாம். நான் கூச்சத்தில் அவள் காட்டிய திசையிலேயே நடந்து, வேலியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வதனிக்கு அந்தத் தொல்லை இல்லை. வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. ஒரு வருடத்தில் நாக்கு மாறிவிட்டது. பள்ளியில் அவள் சிலோன் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒரு மாலை வந்து, "அம்மா, நம்ம வூட்டாண்ட ஒரு பாம்பு போச்சு" என்றாள். மலருக்குப் பாம்பு காதில் விழவில்லை.

"என்ன சொன்னனி? வூடோ? வீடு எண்டு சொல்லு."

"எல்லாரும் அப்டித்தாம்மா பேசறாங்க."

"நீ எல்லாரும் இல்லை."

"அப்ப யாரும்மா நானு? உங்க பாஷையில எங்கூடப் பேச இங்க யாரு கீறா?"

'உங்க பாஷை' என்றாள். மலர் அடுப்படிக்குப் போய்விட்டாள். வதனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, மாமாவுக்கு மீசை இருந்துதா?"

இருந்தது என்றேன். அரும்பு மீசை. எங்களிடம் அவனுடைய படம் ஒன்றும் இல்லை. படங்கள் வைத்திருந்த பெட்டியைப் பாரம் குறைக்கக் கடலில் போட்டுவிட்டோம். அம்மா முன்னால் மாமாவைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே அறிந்து வைத்திருந்தது.

4

வள்ளத்துக்கு வருகிறேன்.

சாம்பலை வாரிக் கொட்டிக் கழுவிப் பார்த்ததில், அடித்தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாக வெண்மாவு பூத்திருந்தது. தகடுகள் சேரும் இடங்களில் வரிசையாக ரிவிட்டு ஆணிகள். அவற்றில் பல ஆடிப்போன பல்லைப் போல விரலுக்கே அசைந்தன. முன்மூக்கில் ஒரு பெரிய நசுங்கல். பின்பக்கப் பலகை உளுத்து, தொட்டால் உதிர்ந்தது.

முதலில் தார் காய்ச்சிப் பூசினேன். ரோடு போடுகிறவர்கள் மிச்சம் விட்டுப்போன தார். ஒரு வாரம் பார்க்க அழகாக இருந்தது. மாசி வெயிலில் இளகி ஒரு மூலையில் போய்ச் சேர்ந்தது. கோழி ஒன்று அதில் காலை வைத்து, அதை விடுவிக்க அரை நாள் போயிற்று. ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்து, பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைப்பவரைக் கூட்டி வந்தேன். அலுமினியத்தில் ஈயம் ஒட்டவில்லை, தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. பிறகு ஆடிய ரிவிட்டுகளை எடுத்துவிட்டு இரும்புப் போல்ட்டுகளைப் போட்டு முறுக்கினேன். பத்து நாளில் போல்ட்டைச் சுற்றித் தகடு பொரிந்து, துளை முன்னிருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. கணக்கு நோட்டில் ஒரு புள்ளி தவறினால் தூக்கம் வராத ஆள் நான். இந்தத் தகடு என்னை அழவைத்தது.

கடைசியில் தாம்பரம் பக்கத்தில் பஸ் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் விசாரித்தேன். பஸ்ஸின் பக்கத்தகடுகளும் அலுமினியம்தானே. அவர்கள் ஒரு காகிதப் பொட்டலம் நிறைய அலுமினிய ரிவிட்டும், ஒட்டுப்போடத் துண்டுத் தகடுகளும் கொடுத்தார்கள். வெளியிலிருந்து ரிவிட்டைச் செருகி, அதன் தலையில் ஒருவர் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும், உள்ளேயிருந்து மற்றவர் வாலை அடித்துப் பரப்ப வேண்டும் என்று செய்து காட்டினார்கள். ஆகவே இது ஒரு ஆள் வேலை இல்லை. முதலில் எங்கெங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள், வள்ளத்தைத் தூக்கி வைத்து உள்ளே தண்ணீர் நிரப்பினால் வெளியே சொட்டுமிடம் தெரியும் என்றும் சொன்னார்கள்.

5

மாசி கடைசியில் ஒரு நாள் அதைச் செய்தோம். வள்ளத்தைக் கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்தி, பம்பு செட்டிலிருந்து குழாய் போட்டு, கால்வாசிக்குத் தண்ணீர் விட்டோம். அடியில் அங்கங்கே முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்தது. நான் குனிந்து சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். நான்கு மாதப் பிள்ளையின் வாயில் பல் தெரிவதைக் கண்டவனைப் போல அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஏழுமலையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இங்க ஒண்ணு சார், இங்க ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகப் பிந்திவிட்டது. மலர் தூக்குப் பாத்திரத்தில் சோறு எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்திருக்கிறாள். அதற்கு முன் அவள் ஒரு தடவைகூட அந்தப் பின்பக்கம் வந்ததில்லை. நான் என்ன திருத்துகிறேன் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

குனிந்திருந்த எனக்கு முதலில் அவளுடைய கால்கள்தான் தெரிந்தன. நிமிர்ந்தேன். அவள் வள்ளத்துக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே தண்ணீர், வெயிலில் தளும்பிக்கொண்டிருந்தது.

மறு நொடி, தூக்குப் பாத்திரத்தின் மூடியைப் பிடுங்கி, சோற்றைத் தரையில் கொட்டிவிட்டு, அந்தப் பாத்திரத்தால் தண்ணீரை அள்ளி வெளியே இறைக்கத் தொடங்கினாள். அள்ளினாள், வீசினாள், அள்ளினாள்.

"மலர், இது ஒழுக்குப் பார்க்க விட்ட தண்ணி. மலர்…"

"பாத்துக்கொண்டு நிக்கிறியளே! அள்ளுங்கோ! பிள்ளை நனையுது, அள்ளுங்கோ!"

அவள் குரல் மில் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. ஏழுமலை, "இன்னாம்மா, இப்பத்தான ரொப்புனோம்…" என்று தொடங்கியவர் அவள் கண்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் அவள் தோளைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த கன்னியம்மா வந்தாள். எங்கள் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. சிலோன்காரர்கள், ஏதோ கஷ்டப்பட்டு வந்தவர்கள், அவ்வளவுதான் தெரியும். அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பம்பு செட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பக்கெட்டை எடுத்துக்கொண்டு மலருக்கு எதிர்ப்பக்கம் நின்று, தானும் மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"நீ மொள்ளுக்கா. நான் இந்தாண்ட கீறேன். ஒண்ணியும் ஆவாது."

மற்ற பெண்களைப் பார்த்து, "இன்னாங்கடி வேடிக்க பாத்துக்கினு? சொம்பு, டப்பா எத்தையாச்சும் எடுத்துக்கினு வாங்கடி!" என்று அதட்டினாள். இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஏழுமலையே ஒரு மரக்காலை எடுத்து வந்து அள்ளினார். நானும் அள்ளினேன். தகட்டில் பாத்திரங்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

தண்ணீர் முழுவதும் வற்றியது. கன்னியம்மா தன் முந்தானையாலேயே அடித்தகட்டைத் துடைத்து, "பாரு, காஞ்சிட்ச்சு" என்று காட்டினாள். மலர் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். கன்னியம்மா அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

6

ஏழுமலை மறுநாள் என்னிடம், "வுட்டுட்லாம் சார். எனக்கு போட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம். தங்கச்சி இப்டி கஷ்டப்பட்றதுக்கு நான் பழய இரும்புலயே போட்டுட்றேன்" என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. வீட்டில் சொன்னேன். மலர் துணி மடித்துக்கொண்டிருந்தவள், நிமிராமல் கேட்டாள்:

"அதுக்கு எத்தினை பேர் வேணும்?"

"இரண்டு பேர். ஒருவர் பிடிக்க வேண்டும்."

"நான் பிடிக்கிறன்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு தானாகவே வந்தாள்.

வள்ளத்தைச் சாய்த்து நெல் மூட்டைகளில் சார்த்தி வைத்தோம். நான் உள்ளே, கையில் சுத்தியல். அவள் வெளியே தரையில் உட்கார்ந்து, பஸ் பட்டறையில் கொடுத்த இரும்புக் கட்டையை இரண்டு கைகளாலும் ரிவிட்டின் தலையில் அழுத்திப் பிடித்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நான் அடிக்கும் ஒவ்வோர் அடியும் அவள் கையில் போய் முட்டுவது எனக்குத் தகட்டின் வழியாகத் தெரிந்தது. முதல் நாள் அடித்ததில் பாதி கோணலாகிப் போயின. உளியால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி அடித்தோம்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் அடுத்த ரிவிட்டுக்காகக் காத்திருந்தபோது, தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் பேசினாள்.

"அண்டைக்கு வள்ளத்துக்குள்ள தண்ணி எவ்வளவு வந்தது எண்டு உங்களுக்கு ஞாபகமிருக்கோ?"

"முழங்காலுக்கு."

"விளிம்புக்கும் கடலுக்கும் ரெண்டு விரல்தான் இருந்தது. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்." அவள் இரும்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. "அவனும் இருந்திருந்தால் வள்ளம் கடலுக்குள்ள தாண்டு போயிருக்கும். அது எனக்கு அண்டைக்கே தெரியும்."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"அவன் செத்துப்போனான் எண்டு நான் வாயால சொன்னால், எங்களுக்காகத்தான் செத்தான் எண்டும் சொல்ல வேணும். அதைச் சொல்லிப்போட்டு நான் எப்பிடிச் சோறு தின்னுறது?"

எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. அவள் முகத்தை யாரும் பார்க்காததால்தான் பேசுகிறாள் என்று பட்டது. "அவன் இறங்கினது உன்னைக் கேட்டு இல்லை, மலர்" என்றேன். "நீ அவன் சட்டையைப் பிடித்தாய். நான் பார்த்தேன்."

அழுகிறாள் என்று தெரிந்தது. களத்தில் கன்னியம்மா யாருடனோ உரக்கப் பேசிக்கொண்டு நெல்லைத் துழாவினாள். வேண்டுமென்றேதான் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

பிறகு இரும்பு தகட்டில் வந்து முட்டியது. "அடியுங்கோ. பிடிச்சிருக்கிறன்."

7

பங்குனி முதல் வாரத்தில் வள்ளத்தை மாட்டு வண்டியில் ஏற்றி மணிமங்கலம் ஏரிக்குக் கொண்டு போனோம். பின்பக்கத்துக்குப் புதிய வேப்பம் பலகை போட்டிருந்தேன். சற்றுக் கோணல். முன்மூக்கின் நசுங்கல் முழுதாக நிமிரவில்லை. ஏழுமலை சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். தண்ணீரில் இறக்கியதும் வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நேராகி நின்றது. மூன்று இடங்களில் இலேசாகக் கசிந்தது. மற்றப்படி மிதந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். "நான் சொல்லல? கடல்காரரு!" என்று ஏழுமலை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

நாங்கள் அங்கே வள்ளம் ஏறிய தேதிக்கு முந்தின நாள் மலர் கேட்டாள்: "இஞ்சருங்கோ, நாளைக்கு என்னை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ? அவன் இறங்கின நாள். எனக்கு வேற நாள் தெரியாது."

அவள் எதைச் சொல்கிறாள் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. திதி கொடுக்க அய்யரிடம் கேட்போமா என்றேன். வேண்டாம் என்றாள்.

காலையில் தலை முழுகிவிட்டு, ஒரு சிறு கிண்ணத்தில் எள் எடுத்துக்கொண்டு வந்தாள். வதனி பள்ளிக்குப் போகவில்லை, நானும் வருவேன் என்று நின்றாள். மூவரும் ஏறினோம். மலர் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது. மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனேன். கழிக்கு ஆழம் எட்டாத இடம் வந்ததும் நிறுத்தினேன். காற்று இல்லை. நாரைகள் கரையோரச் சேற்றில் நின்றன.

அவள் எள்ளை உள்ளங்கையில் வைத்து ஏரித் தண்ணீரை அள்ளி மூன்று முறை விட்டாள். மந்திரம் ஒன்றும் தெரியாது. அவன் பெயரை மட்டும், முழுப் பெயரை, குலசிங்கம் என்று சொன்னாள். வீட்டில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. வதனியும் கையை நனைத்துக்கொண்டு, "மாமா" என்றாள். பிறகு மூவரும் அழுதோம். வள்ளம் தானாகவே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் அவள் மாமிக்கு எழுதினாள். நான் வாசிக்கவில்லை. அது உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததும், நீங்கள் எல்லோரும் மாமி வீட்டுக்குப் போய் அவரோடு இருந்ததும், பிறகு அறிந்தோம். இந்த எழுத்தின் மூலம் உங்களுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். இனி யாரும் துறைகளில் விசாரிக்க வேண்டாம்.

சித்திரையில் ஏழுமலை வலை போட்டார். முதல் நாள் பிடித்ததில் பெரிய விரால் ஒன்றை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு, கன்னியம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். "மொதலாளி குட்தனுப்பிச்சாரு. மொத மீனு உங்களுக்குத்தானாம்." மலர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நம்மூர் முறையில் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தாள். கன்னியம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னாக்கா இது, பாயசமாட்டம் கீது" என்றாள். வதனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மலர் எனக்கு இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தாள். தலைப்பகுதி. இந்த மூன்று வருடத்தில் அவள் தம்பியைப் பற்றி வாய் திறந்த சில தடவைகளிலும், அவனுக்கு இது விருப்பம், அவன் இப்படிச் சொல்லுவான் என்றுதான் சொல்வாள். பக்கத்து அறையில் இருக்கும் ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல. அன்று அகப்பையைச் சட்டிக்குள் வைத்துக்கொண்டே, கன்னியம்மாவிடம் சொன்னாள்:

"எனக்கு ஒரு தம்பி இருந்தவன். அவனுக்கு மீன் தலையெண்டால் சரியான விருப்பமாயிருந்தது."

வதனி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கன்னியம்மா கையைத் தட்டில் வைத்தபடி, "அப்டியாக்கா? பேரு இன்னா?" என்று கேட்டாள். மலர் அடுப்பைத் தணித்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள்.